பெட்டி வந்துகொண்டிருக்கிறது

ஒரே டிக்கெட்டாக எடுத்துக்கொண்டு பயணம் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், ஐயா. விமான நிறுவனம் கேட்டதைக் கொடுத்துவிட்டு, அது சொன்ன இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. நடுவில் ஓர் ஊரைப் பிடிப்பேன். அதுவரைக்கும் ஒரு நிறுவனத்தில் ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொரு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட். பாதிச் செலவில் காரியம் முடிந்துவிடும். எங்கள் சொந்தத்தில் யார் விமானம் ஏறுவதென்றாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். எனக்கு டிக்கெட் புலி என்றே பேர். வேலை பார்க்கிற கிடங்கில் என்னை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் மட்டும் நான் உள்ளே நுழைந்ததும் யாராவது எழுந்து நாற்காலி கொடுப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்ததற்கும் நன்றி.

இந்தப் பயணம் என் மனைவியின் தம்பியைப் பார்ப்பதற்காகக் கிளம்பியது. அவன் ஏ.சி. மெக்கானிக். ஒண்டிக்கட்டை. மூன்றாவது மாடியில் புதிதாக ஒரு வீடு எடுத்திருந்தான். "அக்காவப் பாத்து ரொம்ப நாளாச்சு மாமா, ஒரு தடவ கூட்டிட்டு வாங்க" என்று போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தான். சரி, பையன் ஆசைப்படுகிறான் என்று நான்தான் டிக்கெட் போட்டேன். வழக்கம்போல இரண்டு டிக்கெட்.

என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. வயதானவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை இது. அவள் உடம்பில் இன்சுலின் சுரக்கவே சுரக்காது. வேளாவேளைக்கு ஊசி போட்டுக்கொண்டால்தான் உயிர். விட்டுவிட்டால் ஓரிரு நாளில் ஆளே போய்விடும் என்று டாக்டர் என்னையும் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது என்று நான் சாதிக்கப்போவதில்லை.

பெட்டி கட்டும்போது அவள் மருந்துப் பையைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"இத கைப்பையிலயே வச்சுக்கிறேங்க. டாக்டரும் அப்படித்தான் சொன்னாரு."

போன பயணத்தில் பாதுகாப்புச் சோதனையில் அந்தப் பையால் எங்களை ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு குப்பியாக எடுத்துப் பார்த்தார்கள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நாலு பேர் முன்னால் அப்படி நிற்பது எனக்கு ஒத்துவராது. பெரிய பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொன்னேன். நாம் இறங்குகிற இடத்தில் அதுவும் இறங்கும், இதில் என்ன இருக்கிறது என்றேன். கிளம்புவதற்கு முன் ஓர் ஊசி போட்டுக்கொண்டு, மருந்தைத் துணிகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியை மூடினாள்.

விமான நிலையக் கவுன்டரில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். இரண்டு டிக்கெட்டையும் கொடுத்து, பெட்டியைக் கடைசி ஊர்வரைக்கும் போட்டுவிடும்மா என்றேன். அவள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். நான் விளக்கினேன். பக்கத்துக் கவுன்டர்க்காரரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து மறுபடியும் ஏதோ சொன்னாள். வரிசை நீண்டுகொண்டிருந்தது. கடைசியில் பெட்டியின் கைப்பிடியில் டேக்கைச் சுற்றினாள், அதன் துண்டுச் சீட்டை என் பாஸ்போர்ட்டின் பின்னால் ஒட்டிக் கொடுத்தாள், சிரித்தாள். வேலை முடிந்தது என்று நகர்ந்தோம்.

நாலடி போனதும் என் மனைவி கேட்டாள். "தனித்தனி டிக்கெட்டுன்னா பெட்டி நடுவுல இறங்கிரும், நாமதான் எடுத்து மறுபடி போடணும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே?"

பெண்டாட்டியை அடிக்கிற ஆள் நான் இல்லை. அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கை நீட்டுகிற ஆண்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நான் அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வேன், அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக மடக்கிவிட்டேன் போலிருக்கிறது. விரலிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. விமானத்தில் அவள் தண்ணீர்க் குவளையை இடது கையால் பிடித்துக் குடித்தாள்.

நடு ஊரில் இறங்கியதும் ஒரு பலகை. பெட்டி எடுக்கிறவர்கள் ஒரு பக்கம், அடுத்த விமானத்துக்குப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். அவள் அந்தப் பலகைக்குக் கீழேயே நின்றுவிட்டாள். "ஒரே ஒரு தடவ பெல்ட்டப் பாத்துட்டு வந்துரலாங்க. மருந்து அதுலதான இருக்கு" என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், அது வரைக்கும் நல்லது. இரண்டாவது விமானத்துக்கான சீட்டை நான் வீட்டிலேயே அச்செடுத்து வைத்திருந்தேன். எல்லாம் திட்டப்படி இருக்கும்போது வெளியே போய் மல்லுக்கட்டுவானேன். நான் நடந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளும் பின்னால் வந்தாள்.

கடைசி ஊரில் பெல்ட் சுற்றியது. எல்லாரும் அவரவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு பெல்ட் நின்றது. புகார் மேஜையில் இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பெட்டி எங்க கைக்கே வரல சார்" என்றார். அவருக்கு வேலை தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. அடுத்த விமானத்தில் வந்துவிடும் என்று நானே அவருக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மைத்துனன் வாசலில் காத்துக்கொண்டிருந்தான். வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து விஷயத்தைக் கேட்டான்.

"நடுவுல எடுக்காமயே வந்துட்டீங்களா மாமா? அடப்பாவமே, டிக்கெட் புலி பூனையாயிருச்சே" என்று சிரித்தான். நல்ல வாய்விட்ட சிரிப்பு. கெட்ட எண்ணத்தில் சிரித்தான் என்று நான் சொல்லவில்லை, அவன் சுபாவமே அப்படி. ஆனால் என் மனைவியும் சிரித்தாள். உதட்டோரத்தில் கொஞ்சம்தான். நான் பார்த்துவிட்டேன்.

காரில் போகும்போது ஒரு மருந்துக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினான். "மருந்து பேரு சொல்லுக்கா, ஒரு நிமிஷத்துல வாங்கிட்டு வர்றேன்." நான் பின் இருக்கையில் அவள் பக்கத்தில் இருந்தேன். அவள் கை என் கையில் இருந்தது. சாயந்தர விமானத்தில் பெட்டி வருகிறது, எதற்கு வீண் அலைச்சல் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், கடையைப் பார்த்தாள். "இருக்கட்டும்டா தம்பி, மாமா சொல்றாருல்ல" என்றாள். அவன் வண்டியை எடுத்துவிட்டான்.

நீங்களும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், ஏன் வாங்கவில்லை என்று. யோசித்துப் பாருங்கள். புதிதாக மருந்து வாங்கினால் பெட்டி வராது என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவன் ஒரு போன் போட்டால் போதும், மொத்தச் சொந்தமும் சிரிக்கும். அதற்கப்புறம் எனக்கு எவன் எழுந்து நாற்காலி கொடுப்பான்.

சாயந்தரம் பெட்டி வரவில்லை. அவளுக்குத் தாகம் அடங்கவே இல்லை. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள், குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தாள். பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். வாயைத் துடைத்துவிட்டதும் நான்தான். மறுநாள் காலையில் ஓடிவந்தவள் மாதிரி மூச்சு வாங்கினாள். மூச்சில் அழுகின பழத்தின் வாடை வந்தது. மைத்துனன் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று குதித்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் கேள்வியே மருந்து எங்கே என்பதுதான். பெட்டி வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று எத்தனையோ எடுத்துச் சொன்னேன். மருந்தையாவது வாங்கிட்டு வர்றேன் என்று படியிறங்கி ஓடினான்.

நான் படுக்கையறைக் கதவை வெளியிலிருந்து பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் போனும் என்னிடம்தான் இருந்தது. அவள் நிம்மதியாகப் படுத்திருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்குப் பக்கத்தில் அவள் குரல் கேட்டது. கட்டிலிலிருந்து எப்படி இறங்கி வந்தாளோ தெரியவில்லை.

"என்னங்க, கதவத் திறங்க. எனக்கு முடியல."

மத்தியான விமானத்தில் வருகிறது, பொறுத்துக்கொள் என்றேன். அதற்கப்புறம் நகத்தால் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மைத்துனன் மூச்சிரைக்க வந்தான். கையில் மருந்து டப்பா. கொடு என்று கையை நீட்டினேன். கொடுத்தான். நான்தான் ஊசி போடப்போகிறேன் என்று நினைத்திருப்பான் பாவம். நான் டப்பாவைப் பிரித்து, குப்பிகளைத் தரையில் போட்டு, ஷூக் காலால் மிதித்தேன். சின்னக் கண்ணாடிக் குப்பிகள்தானே, சிரமம் இல்லை. ஆஸ்பத்திரி வாடை குப்பென்று அடித்தது.

அவன் குனிந்து, உடையாத குப்பி ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடினான். "உனக்கு என்ன பைத்தியமா? ஒரு பெட்டிய எடுக்கத் துப்பில்ல, எங்கக்கா உசுருதான் உனக்குக் கெடச்சுதா?" என்றான். என்னை அவன் 'நீ' என்று பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு என்னை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுக் கதவில் தோளால் இடிக்க ஆரம்பித்தான்.

அவனுடைய வேலைப் பை சுவரோரம் திறந்து கிடந்தது. மேலாக ஒரு பெரிய ஸ்பேனர். எடுத்தேன், நல்ல கனம். பின்மண்டையில் அடித்தேன். அவன் அப்படியே மண்டியிட்டு, நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டான். உள்ளேயிருந்து அவள், "தம்பியா? தம்பி வந்துட்டியா?" என்று கேட்டாள். அவன் ஏதோ பதில் சொல்லப் பார்த்தான். மறுபடி அடித்தேன். விழுந்தவனைத் திருப்பிப் போட்டு முகத்திலும் அடித்தேன். எத்தனை அடி என்று கேட்டீர்கள். எண்ணவில்லை. அந்த வாய் இனிமேல் சிரிக்க முடியாது என்று உறுதியாகத் தெரிகிறவரைக்கும் அடித்தேன். அதற்கு நான் நினைத்ததைவிட அதிக நேரம் பிடித்தது. பல் ஒன்று என் சட்டைக் கையில் ஒட்டியிருந்தது, தட்டிவிட்டேன்.

ரத்தம் கதவுக்கு அடியில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் ஒரு தடவை அலறினாள். அலறல் என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு தெம்பு அவளிடம் இல்லை. நான் துண்டு எடுத்துத் தரையைத் துடைத்தேன், கை கழுவினேன். மாற்றுத்துணி எல்லாம் பெட்டியில் இருந்ததால் அவன் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். தோள்பட்டையில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

கதவைத் திறந்தபோது அவள் தரையில் குப்புறக் கிடந்தாள். கதவிடுக்கில் கையை விட்டிருக்கிறாள், விரலெல்லாம் அவன் ரத்தம். தூக்கிக் கட்டிலில் போட்டு, விரல்களை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். வீங்கிப்போயிருந்த சுண்டுவிரலை மெதுவாகத்தான் துடைத்தேன். ஒரு தடவை கண்ணைத் திறந்தாள்.

"பெட்டி வந்துருச்சாங்க?"

"வந்துக்கிட்டே இருக்கு."

தலையை ஆட்டினாள். மத்தியானம் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கேயும் போகவில்லை. மைத்துனன் வேலைக்கு வரவில்லை என்று அவன் முதலாளி வந்து கதவைத் தட்டியபோது, நான்தான் எழுந்துபோய்த் திறந்தேன்.

பெட்டி நடு ஊரில் பெல்ட்டில் சுற்றிச் சுற்றிக் கிடந்ததாகவும், அங்கே எடுத்துப் பத்திரமாக வைத்திருப்பதாகவும் சொல்கிறீர்கள். என் பாஸ்போர்ட்டை வேறு முன்னால் வைத்திருக்கிறீர்கள். சரி. துண்டுச் சீட்டில் நடு ஊரின் பேர் மட்டும்தான் இருக்கிறது. கவுன்டரிலேயே நான் அதைப் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னதும் என் காதில் தெளிவாகவே விழுந்தது, இரண்டு தடவையும். இரண்டு தடவையும் முடியாது என்றுதான் சொன்னாள். அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது, எனக்குத் தெரியாது என்று நான் எப்படிச் சொல்வது.

மைத்துனனைக் கொன்றது நான். என் மனைவிக்கு மருந்து போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றுதான் எனக்கு வருத்தம். நான் முன்கோபி இல்லை, பேச்சைக் காதில் வாங்காத ஆளும் இல்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு அது தெரியாதா. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன்.