கட்லட்டோடு கடற்கரைக்கு

"நேற்றுக் கடற்கரையில நான் ஒண்டுமே போடேல்லை அக்கா."

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் மனுகாவில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும் முன் இருக்கையிலிருந்து இந்தக் குரல். யாழ்ப்பாணத்துப் பெண், ஐம்பது வயதிருக்கும். மணிக்கட்டு வரை மூடிய சட்டை. பக்கத்தில், மடியில் துணிப்பையோடு தமிழ்நாட்டுத் தையல்காரம்மா.

"ஒண்ணுமேன்னா?"

"ஒண்டும்தான். தாலி மட்டும் கிடந்தது."

"ஐயோ! ஆளுங்க யாரும் இல்லையா?"

"ஏன் இல்லை? நிறையப் பேர். ஒருத்தரிட்டயும் உடுப்பில்லை. அது அப்பிடியான கடற்கரை. என்னோட வேலை செய்யிற நர்ஸ் கூட்டிக்கொண்டு போனவ."

"உடம்பெல்லாம் அந்த வெண்புள்ளி இருக்கே, யாரும் பாக்கலையா?"

"அதுக்குத்தான் நானும் பயந்தனான். ஒரு வெள்ளைக்காரக் கிழவி நேர என்னட்ட வந்தா. வந்து, தன்ர முதுகில சன்ஸ்கிரீன் பூசிவிடச் சொன்னா. அவ்வளவுதான்! பிறகு எல்லாரும் இருந்து என்ர கட்லட்டைச் சாப்பிட்டம்."

"அங்க போயும் கட்லட்டா?"

"பின்ன? வெறுங்கையோட போகேலுமே?"

தையல்காரம்மா சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். என் நிறுத்தம் தாண்டிவிட்டது. போகட்டும், இதை விட்டுவிட்டு யார் இறங்குவது?

சிரிப்பு அடங்கியதும் தையல்காரம்மா பையிலிருந்து அளவு நோட்டை எடுத்தார். "சரி, உங்க பொண்ணு கல்யாணத்துக்குப் பிளவுஸ். பதினஞ்சு வருஷமா உங்களுக்குத் தைக்கிறேன், எப்பவும் கை மணிக்கட்டு வரைக்கும்தான். அதே அளவுதானே?"

அந்தப் பெண் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, ஜன்னல் வெயிலில் கையை நீட்டினாள்.

"இல்லை அக்கா. இந்த முறை கையே வைக்காதேங்கோ."