புது ஹெட், பழைய குழாய்

உங்கள் ஜீப் உள்ளே திரும்பும்போது முன்பக்கம் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது சார். பெல்ட் காய்ந்துபோயிருக்கிறது. இன்றைக்கே மாற்றச் சொல்லிவிடுங்கள். நடுரோட்டில் அறுந்தால் உங்களுக்குத்தான் சிரமம். கேட்காமல் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், தொழில் புத்தி.

நேற்று உங்கள் ஏட்டு பட்டறைக்கு வந்து, விபத்து என்று முடித்தாகிவிட்டது, நீங்கள் நிம்மதியாக இருங்கள் என்றார். தங்கமான மனிதர். ஆனால் விபத்துக்குக் காரணம் என்று நீங்கள் எழுதியிருப்பதாக அவர் சொன்னது தப்பு. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

செத்துப்போனவன் என் தங்கை புருஷன். மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன், அவன் மச்சான் என்பான். கார் ரேஸ் ஓட்டுகிறவன். அவனுடைய எல்லா வண்டியும் என் பட்டறையில்தான் தயாராகும். என்னை எல்லோரும் சர்ஜன் என்கிறார்களே, அந்தப் பேரை வைத்ததே அவன்தான். எங்கள் சர்ஜன் இன்ஜினைத் திறந்தால் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் விழாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பான். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிடிக்காதவன் செய்தால் அது துரோகமாகாது, வெறும் தொந்தரவுதான்.

அவனுடைய கார் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிற வகை. டர்போ வேறு உண்டு. டர்போ எவ்வளவுதான் காற்றைத் திணித்தாலும், அது உள்ளே போக வேண்டியது சிலிண்டருக்கு மேலே மூடி மாதிரி இருக்கும் ஹெட்டின் வழியாகத்தான். சினிமா விட்டதும் மொத்தக் கூட்டமும் ஒற்றைக் கதவில் முட்டிக்கொண்டு நிற்குமே, அந்த நிலைமை. ஹெட்டில் உள்ள வழிகளைக் குடைந்து அகலமாக்கி, பெரிய வால்வாகப் போட்டால் மலைப்பாதையில் கார் பிய்த்துக்கொண்டு போகும். மலையேற்றப் போட்டிக்கு அப்படி ஒரு ஹெட்டை நான் கையாலேயே செய்து தருவதாகப் பேச்சு. எத்தனையோ ஹெட் செய்திருக்கிறேன். விரலால் தடவினால் போதும், எங்கே மேடு எங்கே பள்ளம் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

முதல் ஹெட்டைக் குடையும்போது அதன் உள்சுவர் பொத்துக்கொண்டு தண்ணீர் ஓடுகிற வழி வரைக்கும் ஓட்டை விழுந்துவிட்டது. வார்ப்பு மோசம். இன்னொன்று வாங்கிவந்தான். அதற்கும் வார்ப்பு மோசம். இந்தக் காலத்தில் எதைத்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள்? அவன் முகம் சுளிக்கவில்லை. "விடுங்க மச்சான், பழைய சாமான் கடைக்கு நம்மளால நாலு காசு வரட்டும்" என்று சிரித்தான்.

பிறகு ஒரு நாள் மதியம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசை மேல் வைத்தான். உள்ளே ஒரு ஹெட். வேலை முடிந்து, கழுவித் துடைத்து, பளபளவென்று இருந்தது.

"இது ரெடியாவே வந்துடுச்சு மச்சான். மாட்டினா போதும்."

"யாரு செஞ்சது?"

"வெளியில மெஷின்ல போட்டது. நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?"

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் முதல்முதலாக ஓட்டி ஜெயித்த வண்டி என் கை வண்டி. என் தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் நான். அப்படிப்பட்டவன் எவனோ செய்ததை என் மேசைக்கே கொண்டுவந்து, ஸ்பேனர் பிடிக்கிற வேலையை மட்டும் எனக்குக் கொடுக்கிறான். முகத்தில் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன்.

இருந்தாலும் வேலையில் நான் ஒரு குறை வைக்கவில்லை. புது கேஸ்கட், புது போல்ட்டுகள். எல்லாவற்றையும் வரிசை மாறாமல் முறுக்கினேன். ஹெட்டைப் பொறுத்தவரை யாரை வேண்டுமானாலும் கூட்டிவந்து காட்டுங்கள், தப்புச் சொல்ல முடியாது.

மிச்சம் இருந்தது பெட்ரோல் குழாய். பம்பிலிருந்து, பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களுக்குப் போகிற சின்ன இரும்புக் குழாய். பயங்கரமான அழுத்தம் அதற்குள் இருக்கும். ஒருமுறை கழற்றிவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மறுபடி கச்சிதமாக உட்காராது. மாப்பிள்ளை புதுசு வாங்கிவைத்திருந்தான். அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் பழையதையே மாட்டினேன். அதன் நட்டையும் முழுக்க முறுக்கவில்லை. சும்மா ஸ்டார்ட் செய்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேட்டில் முழு வேகம் எடுக்கும்போதுதான் அந்த இடுக்கில் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு வரும். பக்கத்திலேயே டர்போ பழுக்கக் காய்ந்திருக்கும்.

ஓட்டிப் பார்க்கிற அன்றைக்கு என் தங்கை சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். தினமும் வருவாள். கொஞ்ச நாளாக எனக்கு மட்டும் காபி பாதி டம்ளர்தான் ஊற்றுகிறாள். என்ன சிக்கனமோ என்று நானும் கேட்கவில்லை. அன்றைக்குத் திடீரென்று, "நானும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன் அண்ணா" என்று காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இறங்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். இறங்கு என்றால் ஏன் என்று கேட்பாள். மாப்பிள்ளை கெட்டிக்காரன், உடனே இறங்கி பானெட்டைத் திறந்திருப்பான். "பெல்ட்டை ஒழுங்கா போட்டுக்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவள் கையாட்டினாள். நான் உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.

மூன்றாவது வளைவில் தீப்பிடித்ததாமே. அவளுடைய பெல்ட்டை அவிழ்த்து வெளியே தள்ளியவன் அவன்தான் என்றார்கள். தன்னுடையதை அவிழ்க்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. மனைவி மேல் அவனுக்கு உயிர். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

இப்போது தப்பு எங்கே என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் கட்டோடு படுத்துக்கொண்டு அவள் உங்களிடம் கெஞ்சினாளாம். "அண்ணனுக்குக் கை நடுங்கும் சார். அதான் நட்டு சரியா உக்காந்திருக்காது. அவருக்கே தெரியாது. தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடும்னுதான் என் வீட்டுக்காரர் ஹெட்டை வெளியில வாங்கினாரு. அண்ணனை ஒண்ணும் பண்ணிடாதீங்க." நீங்களும் அதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். என்னைக் காப்பாற்றுகிறாளாம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து என் முதுகுக்குப் பின்னால் இப்படி ஒரு கதை கட்டி, என்னை நோயாளியாக்கி வைத்திருக்கிறார்கள். கூடப் பிறந்தவளே இப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவில்லை சார். அவன் செய்ததைக்கூட ஜீரணித்துவிடுவேன், இது தாங்கவில்லை.

என் கைக்கு ஒன்றுமில்லை. அந்த நட்டை எந்த இடத்தில் நிறுத்த நினைத்தேனோ அதே இடத்தில் நிறுத்தினேன். நடுங்குகிற கையால் அது முடியுமா, நீங்களே சொல்லுங்கள். விபத்து என்பதை அடித்துவிட்டுக் கொலை என்று எழுதுங்கள். தெரிந்தே செய்தேன், தெளிவாகச் செய்தேன், அவளும் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்துதான் கதவைச் சாத்தினேன்.

எழுதியாகிவிட்டதா? கொடுங்கள். பேனா வேண்டாம் சார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்தான், இருந்தாலும் கைநாட்டே வைத்துவிடுகிறேன். அந்த மைப் பெட்டியை இப்படித் தள்ளுங்கள். கட்டைவிரலை மட்டும் நீங்கள் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.