ஆலையின் நாக்கு

கடலை வறுக்கும்போது மட்டும் அவசரப்படக் கூடாது, ஐயா. தீ சிறியதாக இருக்க வேண்டும், கை நிற்கக் கூடாது. உப்பும் மிளகாயும் சற்றுத் தாராளமாக இருந்தால் எந்தக் கடலையும் நல்ல கடலைதான்.

எங்கள் எண்ணெய் ஆலையில் லாரி வந்ததும் ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசியைச் செருகிக் கொஞ்சம் கடலை எடுப்பார்கள். அதை மென்று பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு, சரக்கு வேண்டாம் என்று சொல்பவரை ‘நாக்கு’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் தலையசைக்காமல் ஒரு மூட்டை இறங்காது. இருபத்தெட்டு வருடம் அந்த நாக்கு எங்கள் அப்பா. கல்லீரல் புற்றுநோயில் போய்விட்டார். மூத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்க, தம்பி முதலாளியிடம் தனியாகப் போய்ப் பேசி அந்த வேலையை வாங்கிக்கொண்டான். எனக்குக் கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலை.

“என்னப்பா, தம்பி நாக்கு, நீ முதுகா?” என்று சுமைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் எங்கள் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்திருந்தார். முடிவை வாங்க நான்தான் போனேன். எனக்குக் குறையில்லை. கல்லீரலைக் காக்கும் மரபணு ஒன்று, அப்பாவைப் போலவே, தம்பிக்குப் பழுதாகிப் போயிருந்தது.

“அதனால மட்டும் நோய் வந்துடாது,” என்றார் டாக்டர். “காவல்காரன் இல்லாத வீடுன்னு வெச்சுக்குங்க. திருடன் வரணும்ல? பூஞ்சை பிடிச்ச கடலையில இருக்கிற விஷம்தான் திருடன். வறுத்தாலும் அது முழுசாப் போகாது. தம்பியை உடனே அந்த வேலையிலேர்ந்து நிறுத்துங்க.”

வீட்டுக்கு வந்து, “ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லடா,” என்றேன்.

கிடங்கில் ஈரம் ஏறிப் பூத்துப்போன கடலையைக் கழித்துப் போடுவது என் பொறுப்பு. அதில் தினமும் இரண்டு கைப்பிடி வீட்டுக்கு வந்தது. ஏழு வருடம், சாயங்கால டீயோடு, நானே வறுத்துக் கொடுத்தேன். என் பிள்ளைகளுக்கு வேறு டப்பா.

“லேசாக் கசக்குதுண்ணே.”

“நாளெல்லாம் கசப்பை மென்னா நாக்கு அப்படித்தாண்டா இருக்கும்.”

“அதுவும் சரிதான். ஆனா உன் கைப்பக்குவம் யாருக்கும் வராதுண்ணே,” என்று தட்டை வழித்துத் தின்பான்.

சென்ற மாதம் அவன் காரியமெல்லாம் முடிந்தபின் முதலாளி என் தோளைத் தொட்டு, தம்பி அன்று தன்னிடம் தனியாகப் பேசியதைச் சொன்னார். “அப்பாவைக் கொன்னது இந்த வேலைதான் முதலாளி. அண்ணனுக்குக் குடுத்துடாதீங்க, அவரு பிள்ளைகுட்டிக்காரரு. நான் ஒண்டிக்கட்டை, நான் மென்னுட்டுப் போறேன்.”

கொடுத்ததை நான் மறுக்கவில்லை, ஐயா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஏழு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, இவ்வளவு பெரிய விஷயத்தை என்னிடம் மறைத்துவிட்டானே. கூடப்பிறந்தவனுக்குச் செய்கிற காரியமா அது?