சீமாட்டி பெர்த்துக்குள் இருந்தவர்

மேடையில் வீற்றிருக்கும் மேயர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, சுமப்போர் சங்கத்துத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த தபால் அதிபரின் துணைவியார் ஓதில் அம்மையாரே, மழையில் நனைந்து வந்து கதவோரம் ஒதுங்கி நிற்கும் ரெமிவால் பெருமக்களே! சேணம் தைக்கும் லாம்பேரின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும்.

எனக்கு அழுது பேச வராது. நம் தபால் அதிபர் அர்சேன் வில்மோவும் அதை விரும்பியிருக்க மாட்டார். எனக்கு முன் பேசியவர்கள் அவர் நேர்மையைப் பாராட்டினார்கள், நேரம் தவறாமையைப் பாராட்டினார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இந்த மண்டபத்துக்குள் நுழையும்போது உங்கள் எல்லோர் மனத்திலும் வேறொரு கேள்வி இருந்தது. எனக்குத் தெரியாதா? வாசலில் சீமாட்டி பெர்த் கறுப்புச் சால்வை போர்த்தி நிற்கிறாள். இரண்டு ஆள் உயரப் பொம்மை, உள்ளே ஒருவன் நின்று தோளில் சுமந்தால் ஆடுகிறவள், திருவிழாவுக்கு மட்டுமே வெளியே வருகிற நம் பெர்த்! அதை விட்டால், சுமந்தவன் இறந்தால்தானே அவள் வழியனுப்ப வருவாள்? வாழ்நாளில் ஒருமுறைகூட நம் தெருவில் அவளைச் சுமக்காத ஒரு தபால் அதிபருக்கு ஏன் வந்தாள்? அவளை வரவழைத்தவன் நான்தான்; ‘கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது’ என்று பின்வரிசையில் ஒருவர் என்னைச் சொன்னதும் என் காதில் விழுந்தது. காது இன்னும் நன்றாகவே கேட்கிறது, ஐயா.

நம் ஊர் வழக்கம் தெரிந்ததுதான். பெர்த்தின் பாவாடைக்குள் எவன் இருக்கிறான் என்று ஊருக்கே தெரிந்திருந்தாலும் வாய் திறந்து யாரும் பெயர் சொல்வதில்லை. ‘பெர்த் ஆடினாள்’ என்போம். அவன் போன பிறகு, பெர்த்தைச் சுமக்க அவன் தோளுக்குத் தோல் வார் கட்டியவன் எழுந்து, எப்போது சுமந்தான் என்று சபையில் சொல்வான். வார் கட்டியவன் நான். சொல்லத்தான் நிற்கிறேன்.

யுத்தத்தில் பிடிபட்டு, நம் ஊர்க்காரர்கள் பலர் ஜெர்மனியில் ஒரே முகாமில் கிடந்தோம். அர்சேன் இருந்தார், கசாப்புக்கடை ஹூபேர் இருந்தான், நான் இருந்தேன். பக்கத்தில் ஒரு பிரபுவின் மாளிகை. ஊர் ஊராகக் கொள்ளையடித்த ஓவியங்களையும் சிலைகளையும் ரயிலில் கொண்டுவந்து அங்கே குவித்தார்கள். பெட்டிகளை வண்டிக் கொட்டகைக்குச் சுமந்து போவது எங்கள் வேலை. ஒரு பெட்டியில் பலகை விட்டுப் போயிருந்தது. அர்சேன் குனிந்து பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

“லாம்பேர், நம்ம நாய்டா!” என்றார்.

“எந்த நாய்?”

“ஒரு காது மட்டும் பழுப்பா இருக்குமே, படகுல. நம்ம கோயில் நாய்டா!”

ஆமாம், நம் கோயில் சுவரில் தொங்கிய வெள்ளப் படம்! வெள்ள வருஷத்தில் படகேறித் தப்பிய நம் முன்னோரை யாரோ ஒரு ஓவியன் வரைந்து வைத்த படம். அதில் இருக்கும் ரொட்டிக்காரர் மூக்கு இன்றைக்கும் நம் ரொட்டிக்கடையில் இருக்கிறதே, அந்தப் படம்! உலகத்துக்கு அது பெரிய ஓவியமா? இல்லை. விலைக்கு வாங்குகிறவன் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு துணியை வீசக்கூடும். ஆனால் நம்மிடம் நம் பாட்டன் முப்பாட்டனின் முகம் வேறு எங்கே இருக்கிறது? இலையுதிர் காலத்தில் ஒரு வியாபாரி வந்து பெட்டிகளைப் பார்ப்பான், அதோடு எல்லாம் நாலா திசைக்கும் போய்விடும் என்று காவலாளியே சொன்னான். அதற்குள் எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது? வாசலில் சட்டைப்பையைக்கூட உதறிப் பார்த்தார்கள்!

வழி சொன்னவர் அர்சேன்தான். “ஆகஸ்ட்ல நம்ம திருவிழா வருது. பெர்த் இல்லாம ரெமிவால்காரன் திருவிழா கொண்டாடுவானா?” என்றார்.

முகாம் தளபதியிடம் அனுமதி கேட்டோம். ஆற்றோர மிலாறுக் குச்சிகளால் உடம்பு பின்னினோம், கிழிந்த கம்பளிகளால் பாவாடை தைத்தோம், முட்டைக்கோஸ் கூடையைத் தலையாக்கினோம். தளபதி வந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “நல்ல வேடிக்கை! என் மனைவியும் விருந்தாளிகளும் பார்க்கட்டும். மாளிகைக்குக் கொண்டுவாருங்கள்” என்றார். நாங்கள் கேட்கவிருந்ததை அவரே சொன்னார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது!

போகும்போது உள்ளே ஹூபேர். அதை முகாமே பார்த்தது. ஆடினான், விருந்தாளிகள் கைதட்டினார்கள். பிறகு பெர்த் இளைப்பாற வேண்டும் என்று சொல்லி வண்டிக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போனோம். வெளியே நம் ஆட்கள் மேளத்தைப் போட்டு அடித்தார்கள். உள்ளே நானும் அர்சேனும் படத்தின் ஆணிகளைப் பிடுங்கி, துணியைப் பாவாடையின் உட்புறம் வைத்துத் தைத்தோம். வண்ணம் கம்பளிப் பக்கம், முதுகு உள்பக்கம். படத்தின் முதுகு வெறும் அழுக்குச் சாக்கு மாதிரிதானே இருக்கும்? பெட்டியை மூடி ஆணி அடித்தாயிற்று. ஹூபேர் உள்ளே நுழையப் பார்த்தான். தோள் போகவில்லை! விறைத்த துணி இடத்தைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் யாரும் யோசிக்காத விஷயம்.

ஹூபேர் பின்வாங்கி நின்றான். “செத்தோம்டா” என்றான்.

அர்சேன் சட்டையைக் கழற்றினார். “வாரைக் கட்டு, லாம்பேர்.”

“நீயா? சங்கத்துலயே உன்னைச் சேர்க்கலையேய்யா!”

“சங்கம் இப்ப இங்க இல்ல. கட்டு.”

இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம் சங்கத்து வாசல் நிலையில் போட்ட வெட்டு உங்களுக்குத் தெரியும். அந்த உயரம் தொடாதவனுக்கு வார் கட்டமாட்டோம். பெர்த்தின் வயிற்றுச் சன்னல் வழியேதான் வழி தெரியும், அதற்கு உயரம் வேண்டும். இளவயதில் அர்சேன் மூன்று திருவிழாவுக்கு வந்து அந்த நிலையில் சாய்ந்து நின்றார். மூன்று முறையும் சிரித்து அனுப்பினார்கள். பிறகு அவர் வரவில்லை. அந்த மனிதர்தான் உள்ளே போனார். சன்னல் அவர் தலைக்கு மேலே இருந்தது. ஒன்றும் தெரியாது! நான் முன்னால் நடந்து, நம் கிராமத்துப் பேச்சில் பாட்டாக இழுத்து, இடது வலது சொன்னேன். ஹூபேர், பெர்த்துக்குள் தான் இல்லை என்று தெரியாமலிருக்க, கள்ளப் போதையில் மேள வண்டியில் கம்பளிக்கு அடியில் படுத்துக்கொண்டான். பாதிதான் கள்ளம். கொட்டகைக்குள் காத்திருந்தபோது பிரபுவின் பீரை அவன் சும்மா விடவில்லை.

வாசலைத் தாண்டப் போனோம். தளபதியின் குரல்: “நில்லுங்கள்! என் மனைவிக்காக இன்னும் ஒரு ஆட்டம்!”

 பாவாடை சுழன்றால் பழைய வண்ணம் வெடித்து உதிர்ந்துவிடும். ஆடாவிட்டால் சந்தேகம் வரும். என்ன செய்வார் அந்த மனிதர்? ஆடினார்! வாழ்நாளில் ஆடாதவர், கண் தெரியாமல், நம் முன்னோரை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து ஆடினார்! பாவாடை அசையவே இல்லை. நம் ஊரில் அப்படி ஆடியிருந்தால் கல்லால் அடித்திருப்போம். தளபதியின் மனைவி கணவரிடம், “பாவம், வரும்போது குமரி, போகும்போது கிழவி ஆகிவிட்டாளே!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வாசல் திறந்தது.

வியாபாரி வந்து பெட்டியைத் திறந்தபோது குட்டு வெளிப்பட்டது. முகாமைத் தலைகீழாகப் புரட்டினார்கள். பெர்த்தின் பாவாடையையும் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே சாக்குதான் இருந்தது. தளபதி எங்களை வரிசையில் நிறுத்தினார்.

“அன்றைக்கு அதற்குள் இருந்தவன் யார்?”

“பெர்த் ஆடினா, ஐயா.”

அடுத்தவனைக் கேட்டார். “பெர்த் ஆடினா, ஐயா.” அதற்கடுத்தவன்: “பெர்த்துதான் ஆடினா, ஐயா.” யாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதல்ல. வேறு எப்படிச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியாது! அவருக்கு முகம் சிவந்துபோனது. “அப்படியானால் அவளையே பூட்டுங்கள்!” என்று கத்தினார். பூட்டினார்கள். தண்டனைக் கொட்டடியில், வாசலில் துப்பாக்கிக் காவலோடு, நம் வெள்ளப் படத்தை அவர்களே பத்திரமாகப் பூட்டி வைத்தார்கள்!

ஹூபேர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா? “கைதின்னா சூப் உண்டுல்லய்யா? அவ பங்கை நான் வாங்கிக்கிறேன்” என்றான். அவனையும் உள்ளே தள்ளினார்கள். படத்தை எலி கடிக்காமல் காத்தவன் அவன்தான். அந்தப் பெருமை அவனுக்கு உண்டு.

யுத்தம் முடிந்தது. பெர்த்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்தோம். கோயிலில் தையலைப் பிரித்தோம். ஊர் ஹூபேரைத் தூக்கிக் கொண்டாடியது. போகும்போது அவன் இருந்ததைத்தானே எல்லோரும் பார்த்தார்கள்? அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஊற்றிக் கொடுத்ததைக் குடித்தான். ஒருநாள் மனம் பொறுக்காமல் அர்சேனிடம் போய், “சொல்லிடட்டுமாடா?” என்று கேட்டான். “உள்ள இருந்தவன் பேரைச் சொல்ற ஊரா நம்ம ஊரு? போய்க் கடையைத் திற” என்றார் அர்சேன். ஹூபேர் இறந்தபோது இதே மேடையில் அவன் சுமந்த வருஷங்களைச் சொன்னேன். முகாமைச் சொல்லும்போது, மாளிகைக்குப் போனதை மட்டும் சொல்லி, திரும்பியதைச் சொல்லாமல் நிறுத்தினேன். மறதி என்று நினைத்தீர்கள்.

அந்தப் படத்தில் படகின் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருக்கிறதல்லவா? தலைநகரிலிருந்து அதைச் சரிசெய்ய ஆள் வந்தபோது, யாரிடமும் குரல் உயர்த்தாத தபால் அதிபர், “அதைத் தொடாதீங்க!” என்று கத்தினார். ஏன் என்று உங்களுக்கு அன்று புரியவில்லை. அது அவருடைய ஒரே ஆட்டத்தின் தடம். அவரிடம் வேறு சாட்சி இல்லை.

பெருமக்களே! பெர்த்தைச் சுமந்தவனுக்கே பெர்த் வழியனுப்ப வருவாள் என்பது விதி. எந்தத் தெருவில், எத்தனை முறை, எவ்வளவு அழகாக என்று விதி கேட்கவில்லை. அர்சேன் வில்மோ சுமந்தார். ஒருமுறை சுமந்தார். நம் ஊரையே சேர்த்துச் சுமந்தார். வார் கட்டியவன் சொல்கிறேன், இது சபையறிய!

சுமக்க ஆளில்லை, பெர்த்துக்குச் சக்கரம் வைத்துவிடலாம் என்று நகர மன்றத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. மேயர் அவர்களே, சக்கரம் வேண்டாம். ஆள் இருக்கிறார்கள், நாம்தான் அளந்து அளந்து திருப்பி அனுப்பிவிட்டோம். இன்று காலை இழைப்புளியை எடுத்துப்போய் சங்கத்து நிலையிலிருந்த அந்த வெட்டைச் சீவி எறிந்துவிட்டேன். வழியில் பார்த்தவர்கள் புது மரம் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். இனி வாசலுக்கு வருகிற யாருக்கும், என் கை ஓடும் வரை நான் வார் கட்டுவேன். எனக்குப் பிறகும் சங்கம் கட்டும். அர்சேன் பெயரால் இது நாங்கள் தரும் வாக்கு.

ஓதில் அம்மையாரே, எழுந்து வாசலுக்கு வாருங்கள். மழை விட்டுவிட்டது. பெர்த் உங்களுக்காகக் காத்திருக்கிறாள். கொஞ்சம் தட்டுத் தடுமாறித்தான் ஆடுவாள், இன்று காலை நான் வார் கட்டிய ஆளுக்குச் சன்னல் எட்டாது. உள்ளே யார் என்று யாரும் கேட்க வேண்டாம்.