முப்பதாம் நாளுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி

சாலையைக் கடக்கும்போது நான் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடப்பேன். இன்று உங்கள் அலுவலகத்துக்கு வரும்போதும் அப்படித்தான் வந்தேன். எதிரே புதிதாகப் போட்ட மேடான நடைக்கடவு இருக்கிறது, வண்டிகள் எல்லாம் ஒழுங்காக நின்று வழிவிடுகின்றன. இருந்தாலும் பழக்கம் போகவில்லை. முப்பத்தோரு வருடம் நகராட்சியின் சாலைப் பிரிவில் இருந்தவனுக்கு வண்டி ஓட்டுகிறவர்கள்மீது அவ்வளவு நம்பிக்கை.

அந்தப் பெரிய சாலை முன்பு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். போக மூன்று வரிசை, வர மூன்று வரிசை, நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு சாண் இடம் கிடையாது. கடக்கக் கிளம்பியவர்களில் சிலர் அந்தப் பக்கமே வீடு பிடித்துத் தங்கிவிட்டார்கள் என்று சொல்வார்கள். ஒருவரை எனக்கே தெரியும். பால் வாங்கப் போனவர், திரும்பி வரும்போது அவர் பிள்ளைக்கு மீசை முளைத்திருந்தது.

அந்தச் சாலைக்கு நான் ஒரு வரைபடம் போட்டேன். வரிசைகளைக் குறுக்கி, நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு, இரண்டு ஓரத்திலும் கல் வைத்துப் பிரித்த சைக்கிள் பாதை, பள்ளிக்கூடத்து முன்னால் மேடான நடைக்கடவு. போட்டுப் பதினோரு வருடம் நகராட்சிச் சாலைக் குழுவின் அலமாரியில் கிடந்தது. குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘அடுத்த மாதம்’. நல்ல மனிதர். யாருக்கும் முடியாது என்று சொல்லி மனதை நோகடித்ததே இல்லை.

“படம் பிரமாதம்யா. ஆனா விதின்னு ஒண்ணு இருக்குல்ல” என்பார்.

விதி எளிமையானது. ஒரே கிலோமீட்டருக்குள், மூன்று வருடத்துக்குள், மூன்று பேர் விபத்தில் செத்திருந்தால்தான் சாலையை மாற்றி அமைக்கலாம். இரண்டு பேர் செத்தால் அது அவரவர் கவனக்குறைவு. மூன்றாவது ஆள் செத்தால்தான் சாலைமீது சந்தேகம் வரும். அதிலும் ஒரு நுணுக்கம். அடிபட்ட நாளிலிருந்து முப்பது நாளுக்குள் செத்தால்தான் விபத்துச் சாவு. முப்பத்தொன்றாம் நாள் செத்தால் அது ஏதோ உடம்புக்கு முடியாமல் போனது.

என் மேஜைக்கு மேலே அந்தச் சாலையின் படம் மாட்டியிருந்தது. அடிபட்டால் பச்சைப் புள்ளி, செத்தால் சிவப்புப் புள்ளி. பச்சை கொத்துக்கொத்தாக இருந்தது. சிவப்பு இரண்டே இரண்டு: பேப்பர் போடுகிறவர் ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள். மூன்றாவதாக ஒரு தபால்காரர் வருவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் முப்பத்துநாலு நாள் இழுத்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. விதி அவருக்குத் தெரியாது.

இந்த நிலைமையில்தான் என் மச்சான் அடிபட்டான். என் மனைவியின் தம்பி. தையல் மெஷின் பழுது பார்ப்பவன். கருவிப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வீடு வீடாகப் போவான். பள்ளிக்கூடத்துக்கு எதிரே, நான் நடைக்கடவு வரைந்த அதே இடத்தில், ஒரு வேன் தட்டிவிட்டது. தாடையிலும் கழுத்திலும் நல்ல அடி. அப்போது பேப்பர்காரர் செத்து மூன்று வருடம் முடிய இரண்டு மாதம் இருந்தது. முடிந்தால் அவர் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார். நான் ஓய்வு பெற மூன்று மாதம்.

தினமும் மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொள்ளவில்லை என்று வார்டு முழுக்கப் பேச்சு. மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் அவனுக்கு ஆகாரம். கட்டில் தலைமாட்டில் ‘வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது’ என்று அட்டை தொங்கியது. விழுங்கினால் வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போய்விடும் என்று நர்ஸ் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நான் இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மச்சானுக்குப் பேச்சு குழறும். கிண்டல் குழறாது.

“மாமா, உங்க படத்துல என்னையும் ஏத்திட்டீங்களா?”

“ஏத்தாம? பள்ளிக்கூடத்துக்கு நேரா, பச்சைப் புள்ளி.”

“பச்சையாவே இருக்கட்டும் மாமா. செவப்பு எனக்கு எடுக்காது.”

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று இருபதாம் நாள்.

வீட்டில் மனைவி தூங்கவே இல்லை. “தம்பி பொழைச்சுக்குவான்ல?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

“இன்னும் ஆறு நாள் போகட்டும், சொல்றேன்” என்றேன் இருபத்துநாலாம் நாள். டாக்டர் சொன்னதாக நினைத்துக்கொண்டாள்.

இருபத்தாறாம் நாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “கண்டம் தாண்டிட்டார். அடுத்த வாரம் ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பாக்கலாம்” என்றார். மனைவி அழுதாள். என் கண்ணும் கலங்கியது. பதினோரு வருட வரைபடம்.

நான் கோபக்காரன் இல்லை. யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. மறுநாள் மாலை வழக்கம்போலப் போனேன். மனைவி மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தாள். மச்சான் தினமும் கேட்பதையே அன்றும் கேட்டான்.

“மாமா, ஒரே ஒரு வாய் தண்ணி. அந்த நர்ஸம்மா கல் நெஞ்சக்காரி. நீங்க அப்படி இல்ல.”

இருபத்தேழு நாளாக நாக்கு காய்ந்து கிடப்பவன். சொந்த மச்சான். கேட்டது பொன்னா, பொருளா? அட்டையைத் திருப்பி வைத்தேன், அவன் கண்ணை உறுத்தக் கூடாதென்று. அரை டம்ளர் கொடுத்தேன். இருமினான். கண்ணில் நீர் வந்தது. ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷம், நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “இன்னும்” என்றான். இன்னும் அரை டம்ளர். மூன்றாவது அரை டம்ளரை அவன் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

கடைசி நாள்வரை ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்கலாம். எதற்கும் கொஞ்சம் அவகாசம் வைத்து வேலை செய்வது எங்கள் தொழில் பழக்கம்.

இருபத்தொன்பதாம் நாள் காய்ச்சல் கொதித்தது. முப்பதாம் நாள் பகல் மூன்று இருபதுக்கு முடிந்தது. டாக்டர் சான்றிதழில் ‘நுரையீரல் தொற்று’ என்று மட்டும் எழுதினார். அழுதுகொண்டிருந்த கூட்டத்தில் அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான். “டாக்டர், ‘சாலை விபத்தின் விளைவாக’ன்னு முன்னால ஒரு வரி சேத்துடுங்க. குடும்பத்துக்கு உதவியா இருக்கும்” என்றேன். சேர்த்தார். நல்ல கையெழுத்து.

அடுத்த கூட்டத்தில் ‘அடுத்த மாதம்’ மூன்று சிவப்புப் புள்ளியையும் விரல் வைத்து எண்ணினார். மறுபடி எண்ணினார். “இனிமே தட்ட முடியாதுய்யா” என்று கையெழுத்துப் போட்டார். அவர் குரலில் தெரிந்த துக்கம் என் வீட்டில்கூட இல்லை.

சாலை எட்டு மாதத்தில் முடிந்தது. இப்போது போய்ப் பாருங்கள். பிள்ளைகள் சைக்கிளில் பேசிக்கொண்டே போகிறார்கள். கிழவிகள் நடுத்திட்டில் நின்று குடும்பக் கதை பேசிவிட்டு அடுத்த சிக்னலுக்குக் கடக்கிறார்கள். திறந்து பதினாலு மாதம், ஒரு சாவு இல்லை. என் மனைவி தினமும் காலையில் அங்கேதான் நடக்கப் போகிறாள். “தம்பி உசுரு போய்த்தான் இந்த ரோடு வந்துச்சு. நீங்களும் எவ்வளவு பாடுபட்டீங்க” என்பாள். நான் மறுப்பதில்லை.

மச்சானே உயிரோடு இருந்திருந்தால் எனக்குக் கை கொடுத்திருப்பான். சைக்கிள்காரன், அருமை தெரியும்.

போன வாரம் அந்த நடுத்திட்டில் ஒரு கல்வெட்டு வைத்தார்கள். மேயர் பெயர் இருக்கிறது. ‘அடுத்த மாதம்’ பெயர் இருக்கிறது, தொலைநோக்குடன் உழைத்தவர் என்று. கல் செதுக்கிய கம்பெனியின் பெயர், ஃபோன் நம்பரோடு. நான் நின்று மூன்று தரம் படித்தேன். பின்பக்கமும் போய்ப் பார்த்தேன். வெறும் கல்.

அதற்காக வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் புகழ் ஆசை கிடையாது, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மனசாட்சி உறுத்தியது, வந்தேன். சொன்னது அத்தனையும் உண்மை. தண்ணீர் கொடுத்தால் செத்துவிடுவான் என்று தெரிந்து, சாகட்டும் என்றுதான் கொடுத்தேன். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். ‘தொழில்’ என்ற இடத்தில் ‘ஓய்வு பெற்றவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, ‘அந்தச் சாலையை வடிவமைத்தவர்’ என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ‘குற்றம்’ என்ற இடத்தில் உங்கள் இஷ்டம்போல் எழுதிக்கொள்ளலாம்.