ஒரே புள்ளியில் இரண்டு உச்சிகள்

பனி வாரும்போது முதலில் யோசிக்க வேண்டியது, வாரிய பனியை எங்கே கொட்டுவது என்பதுதான். எங்கள் இவாமிசாவா ஊர்க்காரர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். பல் வைத்தியர் மினெகிஷிக்கு முதுகுவலி. ஞாயிறுதோறும் அவர் வாசல் பனியை நான்தான் வாருவேன்.

எங்களுடையது சின்னச் சங்கம். நான்கு பரிமாணத்தில் மட்டுமே இருக்கக்கூடிய நட்சத்திர உருவங்களைத் தேடுகிறோம். பக்கங்கள் ஒன்றையொன்று குத்திக்கொண்டு போனாலும் கூர்முனைகளான உச்சிகள் எல்லாம் ஒரே மாதிரி அமைய வேண்டும். முழு உருவத்தை யாராலும் பார்க்க முடியாது. துண்டு துண்டாக வெட்டித்தான் பார்க்கலாம். இரண்டு உச்சிகள் ஒரே புள்ளியில் விழுந்தால் தள்ளுபடி. கண்டுபிடித்தவர் பெயர் வைப்பார். அவர் இல்லாவிட்டால், சரிபார்த்தவர். சரிபார்ப்பவன் நான்.

தலை நரைக்கும்வரை தேடியும் எனக்கு ஒன்றுகூட மாட்டவில்லை. மினெகிஷி சங்கத்தில் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே ஒன்றைப் பிடித்துவிட்டார். எரிச்சல் வராதா, நீங்களே சொல்லுங்கள்.

"என் நாய் பேரைத்தான் வைக்கப் போறேன், குசாகபே சான். மோச்சி."

"நாய் பேரா?"

"பின்னே உங்க பேரையா வைப்பாங்க? அதுக்கு நீங்கல்ல ஒண்ணு கண்டுபிடிக்கணும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் காட்டிய துண்டுகள் அவ்வளவு அழகாக இருந்ததால் எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கவே தோன்றவில்லை. ஆனாலும், இரண்டு உச்சிகள் ஒட்டுகின்றன, தள்ளுபடி என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்.

"சரி விடுங்க, டோக்கியோ ஆளுங்களுக்கு நாளைக்கு அனுப்பிக் கேட்டுக்கறேன்" என்றார்.

அவர்கள் சரியென்று சொல்லிவிட்டால் நான் பொய்யன். நட்சத்திரம் நாய் பெயரில்.

அன்றும் வாசல் பனியை வாரினேன். உள்ளே மண்ணெண்ணெய்க் கணப்பு எரிந்தது. அவர் கணினி முன்னால், மோச்சி காலடியில். பனியை வழக்கமான மூலையில் கொட்டவில்லை. கணப்பின் புகைக்குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் சுவரோரம் கொட்டி, குழாயின் வாய் மூடும்வரை மண்வாரியால் தட்டி இறுக்கினேன். போய் வருவதாகக் குரல் கொடுத்தேன்.

"பாத்துப் போங்க, வழுக்கும்" என்றார்.

அவர் இறந்த பிறகு, விதிப்படி என் பெயரை வைத்து டோக்கியோவுக்கு நானே அனுப்பினேன். மறுநாளே தொலைபேசியில் அழைத்தார்கள்.

"ரெண்டு உச்சி ஒரே புள்ளியில விழுதே, குசாகபே சான். கணக்குப் போட்டுப் பாக்கலையா?"

இந்தப் போலீஸ் நிலையத்தில் நீங்களோ புகைக்குழாயைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். உச்சிகளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அது நட்சத்திரமே இல்லை ஐயா. அதனால் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்: மினெகிஷியிடமிருந்து நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.