தொடாத டீ

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"நான் வாயே தொறக்கல அண்ணி. ஆனா நான் ஒத்துக்கினேன்னு ஃபோன் எழுதியிருக்குது."

"எந்த ஃபோனு?"

"எங்க பட்டுத்தறி முதலாளி ஃபோனுதான். மீட்டிங்ல பேசுறதெல்லாம் அதுவே எழுதிடுமாம். இனிமே அமாவாசைக்கும் தறிக்கு லீவு கிடையாதுன்னாரு. இப்ப குரூப்புல வந்திருக்குது பாருங்க: 'யாரும் மறுக்கவில்லை. அனைவருக்கும் சம்மதம்.'"

"நீங்கள்லாம் ஏன் மறுத்துப் பேசல?"

"குடுத்த டீயத் தொடாம எழுந்து வந்தோமே! அத்தினி டம்ளரும் ஆடை கட்டிகினு கெடந்துச்சு. அதுக்கு இன்னா அர்த்தம்னு அவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். ஃபோனுக்குத் தெரியாதில்ல."

"அதான் அதை நடுவுல உக்கார வெச்சாரு."

அவள் தன் ஃபோனில் அந்த குரூப்பைத் திறந்து, வாயருகே கொண்டுபோனாள்.

"வேணாண்டி. வேலைய விட்டு நிறுத்திட்டா இன்னா செய்வே?"

கண்டக்டர் விசிலையும் மீறி அவள் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"ஐயா, நான் ஜெயந்தி பேசுறேன். அமாவாசைக்கு நான் வரமாட்டேன். மீட்டிங்ல நாங்க டீ குடிக்காததையும் சேத்து எழுதச் சொல்லுங்க."